கெளுத்தி வாங்க வேண்டாம்

ஜாக்கெட் கயிறை இறுக்கிக் கட்டுங்க சார்.
நடுவுல வேணாம், ஓரமா, எதிரெதிரா உக்காருங்க.
ஒகேனக்கல்ல சாப்பாடு எங்க நல்லாருக்கும்னுதானே கேட்டீங்க,
துடுப்பு போட்டுக்கிட்டே சொல்றேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய போர்டு வச்ச ஓட்டல்,
காலையில சாம்பார்ல ஊத்தின தண்ணி
மத்தியானமும் தனியாத் தெரியும்.
அங்க பார்ட்டி கூட்டிட்டுப் போனா எனக்கு ஒரு சாப்பாடு இலவசம்.
போன ஆடிப்பெருக்கு வரைக்கும் நானும் அதைத்தான் சொன்னேன்.
ஒரு குழந்தை வாந்தி எடுத்துச்சு, இதே பரிசல்ல,
நீங்க கால் வச்சிருக்கற இடத்துல.
அப்புறம் சொல்றதில்ல.

தொங்கு பாலத்துக்குக் கீழ பச்சியப்பன் கடை.
முட்டை தோசை தின்னலாம், பேச்சு மட்டும் குடுக்காதீங்க,
கரண்டி நின்னுடும்.
எதிர்க்கரை கர்நாடகா. புட்டம்மா அங்க
கன்னடத்துல திட்டிக்கிட்டே ரெண்டாவது களி உருண்டை போடும்.
அதுக்குக் காசு கிடையாது.

இதோ மிதந்து வருதே, சிப்ஸ் பாக்கெட் தோரணம் கட்டிக்கிட்டு,
அதுவும் கடைதான். என் சித்தப்பா பையன்.
பத்து ரூபா பண்டம் முப்பது.
ஆத்தோட ஆழத்தையும் சேத்து விக்கிறான்.
ஒண்ணு வாங்கிடுங்க, பாவம். கவரை ஆத்துல போடாதீங்க.

ஆனா சாப்பாடுன்னா மணல்திட்டு.
பாறை மறைவுல மூணு அடுப்பு எரியும்.
முதல் அடுப்புல எண்ணெய் பழசு.
ரெண்டாவதுல ஆள் நல்லவர், கை நல்லதில்ல.
மூணாவது, நாவல் மரத்துக்கு அந்தாண்ட, நீலத் தார்ப்பாய்.
மாதம்மா.

இறங்கினதும் வலைக்காரன் நிப்பான், மீன் அவன்கிட்ட.
கட்லா எடுங்க, செவுளைத் தூக்கிச் சிவப்பு பாருங்க.
கெளுத்தி வாங்க வேண்டாம்.
அதோட முள்ளு ஒரு தரம் அவ பெருவிரல்ல ஏறி
மூணு நாள் பென்னாகரம் ஆஸ்பத்திரி.
கல்லு காயட்டும், அவசரப்படுத்தாதீங்க.
ரெண்டாந்தரம் திருப்பறப்ப ஒரு சத்தம் மாறும்,
அப்பத்தான் கருவேப்பிலை போடுவா.
எப்படித் தெரியும்னு பாக்கறீங்க.

பதினோரு வருஷம் அந்தக் கையில தின்னவன் சார்.
இப்ப தனித்தனி ரேஷன் கார்டு.
குடியான்னு நினைச்சீங்கன்னா,
அதுவும்தான்.

நான் மேல வர மாட்டேன்.
பரிசலைச் சாய்ச்சு வச்சு அந்த நிழல்ல உக்காந்திருப்பேன்.
காத்து இந்தப் பக்கம் திரும்பினா வாசனை வரும்.
சில நாள் காத்தே இல்ல.

நான் சொல்லி வந்தோம்னு சொல்லாதீங்க.
சொல்லலேன்னாலும் அவளுக்குத் தெரியும்.
பார்ட்டி குடுத்த காசுல இருபது ரூபா எடுத்து
உங்க பாப்பா கையில குடுப்பா,
'அந்தப் பரிசல்காரர்கிட்ட குடு கண்ணு'ன்னு.
பரிசல்காரர்.
அந்த 'ர்' புதுசு.

தண்ணி ஏறினா பரிசலை நிறுத்திடுவாங்க.
மூணு அடுப்பும் முழுகிப் போகும்.
வடிஞ்ச மறுநாள் அவதான் முதல்ல போய்க் கல்லு அடுக்குவா.
யார் பரிசல்லயா?
ஒத்தை ஆளை வச்சுத் துடுப்பு போட்டா
பரிசல் சுத்தும் சார், நேராப் போகாது.
சுத்தறப்ப ஒரு தரம் அவ முகம் மலையைப் பாக்கும்,
ஒரு தரம் என் முகம்.
இறங்கிக் கூலியை எண்ணி வச்சிட்டுப் போவா,
பாக்கி இல்லாம.

பாத்து இறங்குங்க, பாசி.
நாலு பேருக்கு ஒரு கிலோ போதும்.
ஒண்ணரையா வாங்கிடுங்க.
மிஞ்சினதை நாய்க்குப் போட வேணாம்,
இலையில மடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க.
யாருக்குன்னு அவ கேக்க மாட்டா.