ஏழாம் கட்டம்

"விசிறியை இயக்குவது எது?"
படிவத்தின் ஏழாம் கட்டம்
விரல் நகத்தளவு இருக்கிறது.
இன்ஷூரன்ஸ்காரர் மவுண்ட் ஐசாவிலிருந்து அனுப்பியது.
எதுவும் இல்லை என்று எழுதினேன்.
பொய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சரி, பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்ஜின் என் முதுகுக்குப் பின்னால்.
அதற்குத் தெரிந்த ஒரே வேலை தள்ளுவது.
தள்ளத் தள்ள வண்டி ஓடும்,
ஓட ஓட எதிர்க்காற்று வரும்.
தலைக்கு மேலே சற்றுப் பின்சாய்ந்து நிற்கும் சுழலிக்குள்
அடிவழியாக நுழைந்து மேல்வழியாகப் போகும்,
போகிற போக்கில் இறகுகளைச் சுற்றிவிட்டு.
ஹெலிகாப்டர் காற்றைக் கீழே அறைகிறது.
என்னுடையது வழிவிடுகிறது.
விலையில் பத்து மடங்கு வித்தியாசம், ஐயா,
அதனால்தான் எங்களிடம் இது.

கைப்பிடியை ஒரு விரற்கடை இழுத்தால்
வட்டம் இன்னும் சாயும்.
காற்று இன்னும் நேராக அடியில் மோதும்.
தூக்கல் கூடும்,
கூடவே பின்னிழுப்பும்.
வேகத்தை விற்று உயரம் வாங்குகிற வியாபாரம்;
பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும்.
மேலும் இழுத்தால் முன்னே போவது நிற்கும்.
கவிழாது.
பட்டுப்போன கிளையிலிருந்து கழுகு இறங்குகிற மாதிரி
நின்றவாக்கில் இறங்கும்.

தள்ளுவதுதான் கொல்லும்.
ஏறி வந்த உச்சியில் கைப்பிடியைச் சட்டென்று தள்ளினால்
இருக்கை லேசாகும்,
வயிறு தொண்டைக்கு வரும்,
மேலே இறகில் பாரம் இல்லை.
பாரம் இல்லாத இறகு சோம்பும்.
சோம்பியதை எழுப்ப இன்ஜினால் ஆகாது.
டார்சிக்கு இது தெரியும்.
என்னைவிட நன்றாகவே தெரியும்.
புதரில் ஒளிந்த காளை அவனைக் கோபப்படுத்தியிருந்தது, அவ்வளவுதான்.
அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
அதில் இந்தக் கேள்வி இல்லை.

ஆகஸ்ட் பதினொன்று, காலை ஒன்பதே கால்.
வறண்ட ஓடையிலிருந்து முந்நூறு மாடுகளை
வேலிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.
நானூறு அடியில் இன்ஜின் இரண்டு முறை இருமியது.
பிறகு பேசவில்லை.

மேலே இருந்த இறகுகளுக்கு
யாரும் சேதி சொல்லவில்லை.
அவை பாட்டுக்குச் சுற்றின.
மூக்கை மெல்ல, மெல்லத்தான், தாழ்த்தினேன்,
இருக்கையில் என் கனம் குறையாதபடி.
முன்னே போய் வாங்கிய காற்றை
இப்போது கீழே போய் வாங்கினேன்.
களிமண் தரை ஒன்று, வெடித்து, வெளுத்து,
என்னை நோக்கி அகன்றுகொண்டே வந்தது.
ஆள் உயரத்தில் முழுக்க இழுத்தேன்.
வட்டம் பின்னால் சாய்ந்து
மிச்சமிருந்த வேகத்தையெல்லாம் குடித்தது.
சக்கரம் மூன்று கஜம் உருண்டிருக்கும்.

இறகு ஓயும்வரை எழுந்திருக்கவில்லை.
அதன் நிழல் என் முழங்காலைக் கடந்து கடந்து போனது,
எண்ணலாம் போல ஆனது,
எண்ணினேன்,
நாற்பதுக்கு மேல் குழம்பிவிட்டது.
ஒரு பசு வந்து வாலை முகர்ந்தது.
ரேடியோவில் சமையல்காரி மர்லீன்
மதியத்துக்கு எத்தனை தட்டு என்றாள்.
அதே எண்ணிக்கைதான் என்றேன்.

சேதம்: எரிபொருள் பம்ப் ஒன்று.
காயம்: இல்லை.
ஏழாம் கட்டத்துக்கு என் பதில்
பழையதுதான், ஐயா.
"சாய்மானம்" என்று வேண்டுமானால்
நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஃபெர்ன் மக்கெல்வி,
கார்ப்பென்டேரியா வளைகுடாவுக்குத் தெற்கே.