நான்கு விரற்கடை

அம்மானில், ஆகஸ்டில்,
கண்ணாடிக் கூரை போட்ட கார் வைத்திருப்பவனை
ஏன் வாங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை.
சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

பெட்ரோல் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை.
உச்சந்தலைக்கு நேர்மேலே வெயில் மட்டும்.
ஏசியைக் கூட்டினால் பேட்டரி இறங்குகிறது.
குறைத்தால் நான் இறங்கி நிற்கிறேன்.

ஒரு ராத்திரி, லமீஸ் தூங்கியபின்,
போனில் ஒரு நிழல் வாங்கினேன்.
பதினேழு தினார்.
மடித்தால் கைக்குள் அடங்கும்,
விரித்தால் வானத்தை மறைக்கும்,
உங்கள் வண்டிக்கென்றே அளந்து தைத்தது.
படத்தில் அதன் கீழ் ஒரு பெண் சிரித்தாள்,
வியர்வையே அறியாத நெற்றி.

முப்பத்தொரு நாள்.
குவாங்சௌவிலிருந்து புறப்பட்டது என்றது போன்.
மறுவாரமும் புறப்பட்டது என்றது.
பிறகு சுங்கத்தில் எட்டு நாள் உறங்கியது.

வந்தது.
ரப்பர் நாற்றம். ஆறு கொக்கி, ஒன்று ஒடிந்திருந்தது.
முன்னால் மாட்டினால் பின்னால் எட்டவில்லை,
பின்னால் மாட்டினால் முன்னால்.
நான்கு விரற்கடை குறை.
இழுத்துக் கட்டிப் பார்த்தேன்.
ஏழாவது வட்டச்சாலையில் அறுந்து
வௌவால்போல் என் முகத்தில் விழுந்தது.

நான் பொய்ப்பல் செய்கிறவன்.
என் கையில் கால் மில்லிமீட்டர் பிசகினால்
எங்கோ ஒருவர்
ஒரு வாரம் கஞ்சி குடிப்பார்.
அந்தத் திமிரில் எழுதினேன் கடைக்காரனுக்கு:
அளக்கத் தெரியாதவன் ஏன் தைக்கிறாய்?

இயந்திரம் பெயர்த்த அரபியில் பதில்:
அன்பு நண்பரே, உங்கள் துயரம் எங்கள் துயரம்.
அளவுநாடா வைத்துப் படம் அனுப்புக.
அனுப்பினேன்.
அன்பு நண்பரே, இரண்டு தினார் திருப்பித் தருகிறோம்,
நிழலை வைத்துக்கொள்க.
ஒரு நட்சத்திரம் குத்தினேன்,
அரை நட்சத்திரம் கொடுக்க வழியில்லாததால்.

நாலாம் நாள் இன்னொன்று வந்தது.
அன்பு நண்பரே, உங்கள் படத்தை நன்றாகப் பார்த்தோம்.
எங்கள் நிழல் 2021க்குச் சரி.
உங்கள் வண்டி 2018.

லமீஸுக்குப் படித்துக் காட்டினேன்.
இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.
அவள் அண்ணன் முஹன்னத்
ஸர்க்காவில் இரண்டு நாள் அலைந்து
தேர்ந்தெடுத்துக் கொடுத்த வண்டி.
இருபத்தொன்று என்று அவன் வாயால் சொன்ன வண்டி.
குடும்ப விலை.
அதற்குமேல் அளக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் மறுநாள் அஷ்ரஃபியாவுக்குப் போனேன்.
சர்கிஸ் கதவைத் திறந்து,
தூணடியில் ஒட்டியிருந்த தாளை
நகத்தால் சுரண்டினான்.
அதன் கீழ் இன்னொரு தாள்.
பத்தாவது எழுத்து, என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கூலி வேண்டாம் என்று கையை ஆட்டினான்.
அப்போதுதான் எனக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டில் மன்ஸஃப்.
பெரிய துண்டாய்ப் பார்த்து
என் பக்கம் தள்ளினான் முஹன்னத்.
வண்டி எப்படி?
நன்றாக ஓடுகிறது, என்றேன். வெயில்தான்.
அட, ஒரு நிழல் வாங்கி மாட்டேன்,
ஆன்லைனில் கொள்ளை மலிவு.

தயிர் ஊற்றிக்கொண்டிருந்த லமீஸ்
கிண்ணத்தை நிமிர்த்தினாள்.

வாங்கினேன், என்றேன்.
பொருந்தியதா?

வாயில் கறி இருந்தது.
நிதானமாக மென்றேன்.
அவனும் மென்றுகொண்டிருந்தான்,
போன வருஷம் நான் செய்துகொடுத்த
மூன்று கடைவாய்ப் பற்களால்,
இம்மி பிசகாமல்.

ராத்திரி அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் திருத்தப் போனேன்.
ஏழு நாள் தாண்டினால்
திருத்த முடியாதாம்.