மூன்று சதுரக் கால்கள்

ஈப்போவிலிருந்து இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தேன்.
ஒன்றில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பழைய மூக்குக்கண்ணாடிகள்.
மற்றதில், அவற்றின் பவரை அளக்கும் இயந்திரம்.
உசிலம்பட்டி தாண்டி ஒரு சமுதாயக் கூடத்தில்
அட்டையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்:
எங்கள் ஊர் பிளக்குக்கு மூன்று சதுரக் கால்கள்,
இந்தச் சுவரில் இருப்பவை வட்ட ஓட்டைகள்.

"அடாப்டர்தானே?
மொக்கைச்சாமி மதுரைக்குத்தான் போயிருக்காப்ல.
இந்தா வந்துருவாப்ல" என்றார் சோலைராசு.

வரவில்லை.
காய்ச்சல் வந்தது,
யாரும் சொல்லிவிடாமலேயே.

இரண்டு நாள் பெஞ்சில் படுத்தபடி எண்ணினேன்.
முதலில் எண்ணூற்று ஒன்பது. பிறகு எண்ணூற்றுப் பதினைந்து.
காதுக்கம்பி ஒடிந்தவை தனி,
குழந்தைகளுடையவை தனி,
யாரோ ஒருவரின் தலைமுடி சிக்கியிருந்த ஒன்று
எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில்.
மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது,
எனக்குப் பதிலாக.

காலையில் வாசலில் பதினொரு பேர்.
"பசியாறியாச்சா?" என்று கேட்டேன், எங்கள் ஊர் வழக்கப்படி.
"எங்க ஆறுது" என்று ஒருவர் சிரித்தார்.
"கண்ணாடி இன்னைக்கு உண்டுமா?"
மிஷின் இன்னும் ஓடவில்லை என்றேன்.
அவர்கள் உடனே போகவில்லை.
கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார்கள்,
எதிர்க்கடையிலிருந்து ஓர் இளநீர் வந்தது,
காசு வாங்க ஆளில்லை.
மறுநாளும் அதே பதினொரு பேர்,
கண்ணாடியைக் கேட்கவில்லை,
"காய்ச்ச எப்படி இருக்கு?" என்றுமட்டும்.
எனக்கு எரிச்சலாக வந்தது.
அதைக் காய்ச்சலின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

நர்ஸ் ஜெசிந்தா ரத்தம் எடுத்தாள்.
"டைபாய்டு மாதிரி இருக்கு.
மாதிரிதான். பயப்படாதீங்க."

வியாழக்கிழமை மொக்கைச்சாமி வந்தே விட்டான்.
கையில் அடாப்டர் இல்லை. கட்டிங் பிளேயர்.
"தலைய வெட்டிட்டு நம்ம பிளக்க மாட்டிருவோம்க்கா,
அஞ்சு நிமிசம்."
கூடாது என்றேன்.
சங்கத்துச் சொத்து, கையெழுத்துப் போட்டு வாங்கியது,
வாரண்டி போய்விடும், எர்த் என்று ஒன்று இருக்கிறது…
நான் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டான்.
பிளேயரைப் பின்பாக்கெட்டில் செருகி,
"அப்ப டவுன்லயே கேட்டுட்டு வாரேன்" என்று போனான்.
அன்றிரவு நூற்று மூன்று டிகிரி.
கனவில் ஒரு பிளக் மூன்று கால்களால் நடந்து
கரும்புத் தோட்டத்துக்குள் போனது.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடையில் எடை போடும் ஒச்சம்மாள்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்,
கேட்காமலே தரையில் உட்கார்ந்தார்.
ஒன்றை மாட்டுவது, ம்ஹூம், கழற்றுவது.
அடுத்தது. அதுவும் ம்ஹூம்.
பவர் தெரியாமல் போடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்,
வாந்தி வந்துவிடும்போல இருந்தது, மூடிக்கொண்டேன்.
முப்பதோ நாற்பதோ இருக்கும்.
தடித்த கறுப்பு பிரேம், ஈப்போவில் யார் தாத்தாவோ தெரியாது,
அதை மாட்டியவர் ம்ஹூம் சொல்லவில்லை.
பெஞ்சில் கிடந்த என் மாத்திரை அட்டையை எடுத்து
முகத்துக்கு நேராகப் பிடித்தார்.
"ஏம்மா, இது அஞ்சாம் மாசத்தோட முடிஞ்சிருக்கே.
இப்ப எட்டாம் மாசம்ல?"

வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை.
ஐந்து நாளாக மூன்று வேளையும் தவறாமல்.

சனிக்கிழமை டிக்கெட்டை மாற்ற முடியவில்லை.
அறிக்கைத் தாளில் 'பயனடைந்தோர்' என்ற இடத்தில்
ஒன்று என்று எழுதி,
அது யாரென்று யோசித்து,
அப்படியே விட்டேன்.

பஸ் செக்கானூரணி தாண்டியதும் போன் அடித்தது.
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தேன்,
கம்பி குளிர்ச்சியாக இருந்தது.
"அக்கா, கோவிச்சுக்காதீக, வெட்டிட்டேன்.
உள்ள பச்சையா லைட்டு எரியுது.
பதினோரு பேரும் உக்காந்திருக்காக.
எந்தப் பட்டன அமுக்கணும்?
நீங்க எங்க இருக்கீக?"