மேல்மூடி

முதலில் தண்ணீர் படக்கூடாது.
இதைச் சொல்ல நான் வந்து சேர்வதற்குள்
தவுக்கே இயாப் ஈரத்துணியால்
ஒரு பக்கச் சுவரை முடித்திருந்தார்.
தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல்
வட்டம் வட்டமாய் இழுத்து
வெள்ளைப் பூச்சுக்குக் கரியை ஊட்டியிருந்தார்.
"உனக்கு ஒத்தாசையாய் இருக்கட்டுமென்று."
ஒத்தாசைக்கும் சேர்த்து
நாற்பது வெள்ளி கூடுதலாகக் கேட்டேன்.

பத்து மாவுங் படகுத்துறையில்
காலை ஒன்பதுக்கே கொதிக்கிறது கண்ணாடியிழைக் கூடு.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்,
குனிந்தால் அடுப்பு மேடை முதுகைக் குத்தும்.
வாளிகளை எடுத்துக் கொடுத்தான் ஸா மின்,
துறையில் கயிறு இழுக்கும் பர்மாப் பையன்,
எல்லாவற்றையும் இடது கையால்.
வலது கை சட்டைப்பைக்குள்.
நோரைனி வாசலில் விசிறியைக் கட்டினாள்,
காற்று வெளியே போகும்படி.

புகைக்கு வழி கேட்கத் தெரிய வேண்டியதில்லை.
பூட்டிய இழுப்பறைக்குள் போயிருக்கிறது.
கவிழ்த்த கோப்பைக்கு அடியில்,
பிரிக்காத மீ பொட்டலத்தின் மடிப்பில்,
உயிர்காப்புச் சட்டையின் ஊதுகுழலுக்குள்.
குளிர்ந்ததாய்ப் பார்த்து உட்காருமாம்.
ஒவ்வோர் ஆணித்தலையிலும்
ஒரு மைப்பொட்டு வைத்திருந்தது.

மெத்தைகளைத் தூக்கி எறிந்தோம்.
பஞ்சுக்குள் போன நாற்றத்தோடு
வழக்காட முடியாது.
பிறகு ரப்பர் கட்டி.
தேய்க்கக்கூடாது, ஒரே இழுப்பு,
மேலிருந்து கீழே.
முகம் கறுத்ததும் கத்தியால் சீவிவிட்டு
அடுத்த முகத்தால் இழுக்க வேண்டும்.
பகல் உணவுக்குள் ஒரு வாளி நிறைய
கறுப்பு ரொட்டித் துண்டுகள்.

"ஒயர் கோளாறு" என்றிருந்தார் தவுக்கே.
"படகு பூட்டியிருந்தது, உள்ளே ஆள் இல்லை."
காப்புறுதிக்காரரும் அப்படித்தான் எழுதிக்கொண்டாராம்,
மூக்கைப் பொத்தியபடி படியிலேயே நின்று
நாலு படம் எடுத்துக்கொண்டு.
மேலே அண்ணாந்து பார்க்கவில்லை அவர்.
பார்க்கிற வேலை எனக்கு.

மேல்மூடியின் உட்பக்கம்,
தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் இப்பால்,
ஒரு கை.
கரிக்குள் வெள்ளையாய் ஐந்து விரல்.
என் கையை அதற்கு நேரே பிடித்துப் பார்த்தேன், தொடாமல்.
என்னுடையதைவிடச் சின்னது.
அந்த இடத்தில் ஒருமுறை ஊன்றி,
வழுக்கி,
தாழ்ப்பாள்வரை இழுபட்டுப் போயிருந்தது.
அங்கே கொஞ்சம் தோல்.

நோரைனியும் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

நான் நினைத்தது நிறைய இல்லை.
வாடகை அறை இல்லாதவன் எங்கே தூங்குவான்,
இரவில் பசித்தால் எதில் மீ வேகவைப்பான்,
ஒயர் கோளாறு என்பது எத்தனை ஆயிரம் வெள்ளி,
கை என்பது எத்தனை.
கட்டியைச் சீவிப் புதுமுகம் எடுத்தேன்.
மேலிருந்து கீழே.
சுண்டுவிரலில் தொடங்கினேன்.
மற்ற கரியைப்போலத்தான் வந்தது.
தோலுக்கு மட்டும்
நகம் வேண்டியிருந்தது.

பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர்.
அதைக் கீழிருந்து மேலே போட வேண்டும்,
இல்லாவிட்டால் வடிந்த கோடு நின்றுவிடும்.
இதை நான் சொன்னபோது
தவுக்கே தலையாட்டிக்கொண்டே
மேலிருந்து ஒரு குவளை ஊற்றினார்.

அஞ்சு மணிக்கு உள்ளே வந்து மோந்து பார்த்தார்.
"இன்னும் இருக்கே."
"இருக்கும். நாலு நாள் திறந்து வையுங்கள்."
பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்,
அந்த நாற்பதைத் தனியாக,
மனசு கேட்காமல்.

வாளி வாங்க ஸா மின் நின்றான்.
இடது கை.
"மேல்மூடியும் சுத்தமாகிவிட்டதா, அக்கா?" என்றான்,
எனக்கும் அவனுக்கும் பாதிப் பாதி தெரிந்த மலாயில்.
மேல்மூடியைப் பற்றி
அவனிடம் யாரும் பேசவில்லை.

"சுத்தம்" என்றேன்.
"கைக்கு வெறும் தண்ணீர் ஊற்று, பற்பசை பூசாதே.
கிளினிக்குக்குப் போ."
சட்டைப்பைக்குள் ஏதோ அசைந்தது.

பாலத்தில் விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன.
மோட்டார் சைக்கிளில் ஏறுமுன்
நோரைனி டிஷ்யூ நீட்டினாள்.
மூக்கைச் சிந்தினேன்.
கறுப்பு.
இன்னும் மூன்று நாளைக்கு வரும்.