மடித்து எடுத்த நகல்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்தான்
என் கடைக்குக் கூட்டம்.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்,
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
சும்மா ஒதுங்க நிழல்.

ஜூனில் ஒரு மத்தியானம்
கல்லூரி அலுவலகத்துக்காரர்
பைக்கை அணைக்காமலே ஒரு தாளை நீட்டினார்.
தேர்வானோர் பட்டியல். முப்பது காப்பி.
'கடைசிக் கட்டம் விழக்கூடாது,
மடிச்சு வச்சு எடு.'

மடித்தேன்.
கோடு நேராக இருக்கட்டுமென்று
நகத்தால் ஒருமுறை நீவவும் செய்தேன்.
கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்
முப்பது தடவை போய் வந்தது.
பெயர்கள் விழுந்தன. மதிப்பெண் விழவில்லை.
அறுபது ரூபாய். நூறு கொடுத்தார்.
கேட் திறந்த அவசரத்தில் விட்டுப்போன நாற்பது
என் டிராயரிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் கௌசிகா வந்தாள்.
காசிமேட்டுப் பெண்.
அவள் அம்மா தேசம்மா
ஏலக்கூடத்தில் இறால் தரம் பிரிக்கிறவள்.
அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று.
பலகையில் ஒட்டிய பட்டியலில்
தன் பெயரை மேலிருந்து கீழே,
பிறகு கீழிருந்து மேலே தேடியிருக்கிறாள்.
'எத்தன மார்க்ல நிறுத்துனீங்கன்னு மட்டும் கேட்டேண்ணா.
குழு முடிவுன்றாங்க.'
அவள் சீட்டுக் கேட்கவில்லை.
எத்தனையில் தோற்றேன் என்று கேட்டாள்.

இட ஒதுக்கீடு அச்சில் இருக்கிறது,
யாரும் படித்துப் பார்க்கலாம்,
அதனோடு எனக்கு வழக்கில்லை.
ஆனால் விண்ணப்பத்தில் 'இதர தகுதிகள்' என்றொரு வரி.
அவளுக்காக நான்தான் நிரப்பினேன்.
அந்த வரிக்கு நேரே
எழுதக் கட்டமே இல்லை.

தேசம்மா வந்து நின்றாள், கையில் ஐஸ் வாடை.
'வஞ்சிரம் எவ்ளோக்குப் போச்சுன்னு
கடலாண்ட படுத்துக்கீற நாய்க்குக்கூடத் தெரியும்.
வாய்க்குள்ளயே வெல பேசி
எவனாச்சும் மீன எடுத்துக்கினு போனான்னு வையி,
கூடையோட கவுத்துருவோம்.'

தகவல் கேட்டு மனு எழுதினோம்.
பத்து ரூபாய் ஸ்டாம்ப்.
அந்த நாற்பதிலிருந்து எடுத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்து நான்காம் நாள் பதில் வந்தது:
'மூன்றாம் நபர் விவரம், வழங்க இயலாது.'
அதற்குள் அவள் வேறொரு கல்லூரியில்
வேறொரு பாடத்தில்
முதல் இன்டர்னல் எழுதி முடித்திருந்தாள்.

அன்றைக்கு ராத்திரி கடைச் சுவரில்
லேமினேஷன் விலைக்குக் கீழே
மார்க்கரால் எழுத ஆரம்பித்தேன்.
வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன்,
எவ்வளவு, கிடைத்ததா என்று.

541 இல்லை
556 கிடைத்தது
537 இல்லை
498 கிடைத்தது
549 இல்லை, வெயிட்டிங் என்றார்களாம், எதற்கு வெயிட்டிங் தெரியாது

498-க்குக் காரணம் இருக்கலாம்.
மாநில அளவில் கபடி ஆடியிருக்கலாம்.
அப்பா எல்லையில் இறந்திருக்கலாம்.
இந்த 'லாம்' என்ற இரண்டெழுத்துக்குள்
எத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்களோ.
நியாயமாகவே நடந்திருக்கலாம்.
அதுவும் ஒரு 'லாம்'.

நேற்று கௌசிகா
பஸ் பாஸ் நகலெடுக்க வந்தாள்.
சுவரைப் படித்தாள்.
தன் எண்ணிடம் கொஞ்சம் நின்றாள்.
'அவங்க மார்க்கே போடலையேண்ணா,
ஏன் போடலைன்னு உனக்குத் தெரியுமா?'

சொன்னேன்.
'மடிச்சுக் காட்டு' என்றாள்.
டிரேயிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து
கடைசி இரண்டு விரல் அகலத்தை
மடித்துக் காட்டினேன்.
வாங்கிப் பிரித்தாள்.
ஒன்றுமில்லாத அந்த ஓரத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

'அப்போ நீ பாத்திருப்பல்ல?
கடைசிப் பேருக்கு நேரா எவ்ளோ இருந்துச்சு?'

தாள் என் கையில்தான் இருந்தது.
படிக்க ஒரு நொடி போதும்.
அன்றைக்குக் கூட்டம்,
டோனர் வேறு தீரும் நிலையில்.

நான் பார்க்கவில்லை, கௌசிகா.