துலி, தூலி, துல்லி

எங்கள் பேச்சில் துலி என்றால் தீ.
கொஞ்சம் இழுத்தால் தூலி, காற்று.
நடுவே நாக்கை ஒரு கைநொடி நிறுத்தினால்
துல்லி: நான் வேலை பார்க்கும் சுங்கம்,
தோர்னியோ ஆற்றின் இந்தக் கரை.
அந்தக் கரை சுவீடன்.

யார் யாருடைய பெற்றோருக்கு என்ன வேலை என்று
மழலைப் பள்ளிச் சுவரில் அட்டைகள் ஒட்டினார்கள்.
என் மகள் சைமி, ஆறு வயது,
அப்பாவுக்கு நேரே எழுதியிருந்தாள்: துலி.
‘உங்க அப்பா நெருப்பா?’ என்றான் யால்மரி.
அவள் அழவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.
மறுநாள் அவளே திருத்தினாள்.
நான் காற்றானேன்.

ஆசிரியை மிர்க்காவிடம் ஒரு விளையாட்டு உண்டு.
முட்டை வாங்கிய அட்டைப் பெட்டி, பத்துக் குழி;
பழைய சட்டைப் பொத்தான்கள் ஒரு கிண்ணம்.
சொல்லை மெல்ல வாயிலிருந்து இறக்கு,
காதில் விழும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தான்.
எழுத்து அப்புறம் வரட்டும்.
‘வீட்டிலும் ஆடுங்கள், பாடம் மாதிரி மட்டும் வேண்டாம்.’

நான் பாடம் மாதிரிதான் ஆரம்பித்தேன்.
துல்லி சொல்லு.
துலி.
இல்லை, துல்லி.
அதைத்தானே சொன்னேன்!
மூன்றாம் நாள் பெட்டி சோபாவுக்கு அடியில் போயிற்று.
பொத்தான்களைப் பூனை உருட்டியது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை,
சௌனா அடுப்பு சூடேறும்வரை பொழுது போகாமல்
கம்பளிக் காலுறையோடு கூடத்தில் சறுக்கினாள்.
குறிலுக்கு ஒரு குதி,
நெடிலுக்குச் சமையலறை வரை ஒரே வழுக்கு.
தூஊஊ என்று போய்க் குளிர்பெட்டியில் முட்டி
லி என்றாள்.
திரும்பி வந்து யோசித்தாள்.
இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டாள்,
குறுக்கே விளக்குமாறு.
‘உங்க ஆபீஸ்.’

து என்று ஓடி வருவாள்.
விளக்குமாற்றின் முன் துல்லியமாக நிற்பாள்,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபடி,
கன்னம் சிவக்க.
நான் கேட்க வேண்டும்:
அறிவிக்க ஏதாவது உண்டா?
தலையை மட்டும் ஆட்டுவாள், வாய் திறக்கக் கூடாதே.
கம்பம் உயரும்.
லி!

அன்று எத்தனையோ சொற்கள் எல்லை கடந்தன.
குக என்றால் எங்களுக்கு ‘யார்’, குக்க என்றால் ‘பூ’.
குக? என்பேன் கெடுபிடியாக.
குக்க, என்பாள்.
யார்? பூ. யார்? பூ.
சௌனா அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது,
ரீக்கா துண்டோடு நின்று எங்கள் இருவரையும் திட்டினாள்.

பனி தூறிய ஒரு வெள்ளி மாலை
சுவீடனில் மிட்டாய் வாங்கித் திரும்பிய எங்கள் காரை
நானே கைகாட்டி நிறுத்தினேன்.
பின்சீட்டில் சைமி, எனக்கும் மேலே பார்க்கிறாள்,
கூரைமேல் ஒளிரும் பலகையை.
து.
நின்றுவிட்டாள்.
கண்ணாடியில் விரல், கன்னத்தில் சிவப்பு.
பின்னால் ஒரு நார்வே லாரி ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.
விதிப்படி நான் கேட்டேன்:
அறிவிக்க ஏதாவது உண்டா?

திங்களன்று சுவரில் பார்த்தேன்.
ஓர் எழுத்தை அடித்துவிட்டு
ஓர் எழுத்தை இடுக்கில் நுழைத்திருந்தாள்,
பேருந்தில் கடைசியாக ஏறியவர்போல் ஒல்லியாக, பக்கவாட்டில்.
யால்மரி உரக்க வாசித்தானாம்,
நடுவில் நின்று.