இடது சக்கரத்தைச் சுற்றினால்

காரை ஜாக்கியில் தூக்கி
இடது பின்சக்கரத்தைக் கையால் சுற்றினாய்.
வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றது.
"பார், சாதாரண டிஃபரென்ஷியல்தான்.
பூட்டு இருக்கிறது என்று விற்றவன் புளுகியிருக்கிறான்"
என்றாய், ராடோவான்.
பொய் சொன்னது மூன்றாவது ஆள்
என்பதில் எனக்கொரு நிம்மதி.

விவாகரத்தில் எல்லாம் பிரிந்தது.
வீடு எனக்கு, கடன் பாதிப்பாதி,
நாய் உன் அக்காவுக்கு.
கார் மட்டும் பிரியவில்லை.
திங்கள் முதல் வெள்ளி வரை நான்,
மலைமேல் அணைக்கு, நீர்மட்டம் குறிக்க.
சனிக்கிழமை நீ,
மோஸ்ட் பந்தயத் தடத்தில் டயரைத் தேய்க்க.
ஞாயிற்றுக்கிழமை
யாருடைய வாசலில் நிற்பது என்று
இன்னும் முடிவாகவில்லை.

சாதாரண டிஃபரென்ஷியலின் நீதி விசித்திரமானது.
ஊன்றி நிற்கும் காலைக் கண்டுகொள்ளாது,
வழுக்கும் காலுக்கே வாரி வழங்கும்.
ஜனவரியில், மலைப்பாதையின் பதினோராம் திருப்பத்தில்,
வலது சக்கரம் பனிக்கட்டிமேல் கூத்தாட
இடது சக்கரம் காய்ந்த தாரில் கை கட்டி நிற்க
இருபது நிமிடம் அங்கேயே கிடந்தேன்.
உனக்குத்தான் முதலில் போன் செய்தேன்.
பழக்கம்.

டிபோரின் பட்டறையில் மேசைமேல் இரண்டு விலைச்சீட்டு,
மூன்று பீர்க் கோப்பை, ஒன்று காலி.
உனக்குக் கிளச் தட்டு வகை வேண்டும்.
இறுக்கிப் பிடிக்கும், உள்சக்கரம் எழும்பினாலும் விடாது.
"ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடி" என்று
விரலால் மேசையில் வளைவு போட்டாய்.
டிபோர் தலையைச் சொறிந்தான்:
நிறுத்துமிடத்தில் திருப்பினால் முனகும்,
தனி எண்ணெய் கேட்கும்,
தட்டு தேயும், அப்புறம் மறுபடி என்னிடம் வருவீர்கள்,
வாருங்கள், எனக்கென்ன.
"இறக்கத்தில், பனியில், காலை எடுத்தால்?" என்றேன்.
அவன் உன்னைப் பார்த்தான்.
"சில ரகம் அப்போதும் பூட்டிக்கொள்ளும்.
வளைவு வளையும், கார் வளையாது."

நீ எதுவும் சொல்லவில்லை.
அந்தப் பாதையில் தடுப்புச்சுவர் இல்லாத இடம்
உனக்கும் தெரியும்.

இன்னொன்று சாய்பல் சக்கரங்களால் ஆனது.
சத்தமில்லை, தேய்மானம் குறைவு,
பிடி உள்ள பக்கம் பார்த்து விசையைத் தள்ளிவிடும்.
ஒரே குறை:
ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்
அதுவும் பழைய நீதிக்கே திரும்பிவிடும்.
"எனக்கு அந்தரம்தான் பிரச்சினையே" என்றாய்.
ஓரக்கல்லில் ஏறி இறங்குகிறவன் நீ.
வருடத்தில் ஒன்பது சனிக்கிழமை.
நான் கணக்கைச் சொல்லவில்லை,
டிபோரின் நாட்காட்டியை மட்டும் பார்த்தேன்.

"ஒரு தேவாலயத்தையே தண்டவாளத்தில் ஏற்றி
எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் நகர்த்திய ஊர் இது"
என்று டிபோர் கோப்பையை நீட்டினான்.
"ஒரு பக்கம் முந்தவில்லை, மறுபக்கம் பிந்தவில்லை.
உங்களுக்கு ஒரு பின்னச்சு!"
யாரும் சிரிக்கவில்லை. பிறகு நீ சிரித்தாய்.

சாய்பல்லே வாங்கினோம்.
பாதிப்பாதி; ஒற்றைப்பட்ட கொருணாவை நீ கொடுத்தாய்.

ஏப்ரலில் முதல் சனி முடிந்து
சாவியைத் தர வந்தவன்
படியிலேயே நின்று சொன்னாய்:
உள்சக்கரம் எழும்பும் நொடியில்
இடது காலால் பிரேக்கை இலேசாகத் தொட்டால் போதுமாம்.
தொங்கும் சக்கரத்துக்கு ஒரு சுமை கிடைத்ததும்
பல் கடித்து, மறுபக்கம் விழித்துக்கொள்ளுமாம்.
"நெளிவுசுளிவு பிடிபட எட்டுச் சுற்று ஆச்சு."
ஒன்றரை வினாடி வந்ததா என்று கேட்டேன்.
"ஒன்று" என்றாய்.

கோடை டயர் மாற்ற நானே காரைத் தூக்கினேன்.
கியரில் போட்டு, இடது சக்கரத்தைச் சுற்றினேன்,
இந்தமுறை தோளும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது.
வலது சக்கரம் சற்றுத் தயங்கியது.
பிறகு சுழன்றது,
எதிர்ப்பக்கமாகவே.